நாலாக மடித்த பால் பாக்கெட்

எடமலைப்பட்டி புதூர்
23 டிசம்பர் 2024

வஹீதா டீச்சருக்கு வணக்கம்.

ராசாத்தி எழுதுகிறேன். பீமநகரில் உங்கள் தெருவுக்குப் பதினோரு வருஷமாக விசில் ஊதிக்கொண்டு வந்து குப்பை வாங்குகிற அதே ராசாத்திதான். வெள்ளிக்கிழமை மூன்று தடவை போன் போட்டேன். முதல் தடவை எடுத்தீர்கள். நான் "ஊசி" என்று ஆரம்பித்ததும் "எங்க வீட்ல யாருக்கும் ஊசி கெடயாது" என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மணியே அடிக்கவில்லை. என் நம்பரை அடைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நேரில் வந்து கதவைத் தட்டலாம், ஆனால் தெரு முழுக்க எட்டிப் பார்க்கும். உங்களுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

நடந்ததை நீங்கள் கேட்கவே இல்லை. வியாழக்கிழமை காலை உங்கள் கொல்லைப்பக்கக் கம்பியில் தொங்கிய பையை எடுத்தேன். நீங்கள் எனக்கென்று கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துச் சேர்த்து வைக்கிற பால் பாக்கெட் பை. காயலான் கடைக்குப் போடுவதற்காக வண்டியில் வைத்து அமுக்கிக் கட்டும்போது, வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே சுருக்கென்றது. எறும்பு என்று உதறினேன். விழவில்லை. பார்த்தால் ஊசி. அரிசி நீளம்கூட இராது. சர்க்கரைக்காரர்கள் பேனா மாதிரி ஒன்றில் மாட்டி வயிற்றில் போட்டுக்கொள்வார்களே, அது.

கையுறை எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். தெருவில் நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்தொரு வீட்டுக்குக் கையுறை போட்டுத்தான் கை வைப்பேன். உங்கள் பைக்கு மட்டும் கழற்றிவிடுவேன். பதினோரு வருஷப் பழக்கம் அது. அந்தப் பையில் அழுக்கு இருக்காது என்று நம்பினேன், டீச்சர்.

பெரியாஸ்பத்திரியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ரத்தம் எடுத்து, இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. வராமல் இருக்க. மஞ்சள் காமாலைக்குத் தனியாகத் தடுப்பூசி. "அனேகமா ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா ஊசி யாரோடதுன்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தப் பாத்துட்டு மாத்திரையவே நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா. அந்த "அனேகமா"வை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

என் தங்கை தேவதர்ஷினியை உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு அறிவியலில் அவளைக் கரையேற்றியது நீங்கள்தான். அம்மா இல்லாத பெண், அதனால் பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் தேதி. பிறக்கிற பிள்ளையை முதலில் வாங்க வேண்டிய கை இந்தக் கை. இதில் என்ன ஏறியிருக்கிறதோ என்று தெரியாமல் நான் பிள்ளையைத் தொட மாட்டேன்.

உங்களை வம்புக்கு இழுக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ஊசி போடுகிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள். அது போதும்.

இப்படிக்கு,
ராசாத்தி


பீமநகர்
26 டிசம்பர் 2024

ராசாத்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் காயத்துக்காக உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் சில விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

முதலாவது, இந்த வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். எனக்குச் சர்க்கரை இல்லை. அவருக்கு இருக்கிறது, காலையில் ஒன்று இரவில் ஒன்று மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை அட்டையைக்கூட நான்தான் அலுமினியம் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்துப் போடுகிறேன்.

இரண்டாவது, அந்தப் பை கொல்லைப்பக்கச் சந்துப் பக்கமாகத் தொங்குகிறது. போகிற வருகிற யாரும் அதில் எதையும் போட்டுவிட்டுப் போகலாம்.

மூன்றாவது, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இந்தத் தெருவுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள் நான். பச்சைக் கூடையில் பிளாஸ்டிக் கிடந்தால் எடுத்துக் காட்டித் திட்டியிருக்கிறேன். பின்னால் என்னைக் "குப்பை டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதில் வாங்காத பெயரை நீங்கள் ஒரே போனில் வாங்கிக்கொடுக்கப் பார்த்தீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் பேசியபோது வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள், அவர்கள் முன்னால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் வைத்தேன்.

உங்கள் மேஸ்திரி சனிக்கிழமை வந்து விசாரித்தார். ஆதாரம் இல்லாமல் என் வீட்டைச் சொல்வது சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைத் தவிர உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை.

தேவதர்ஷினியை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்காகத் துஆ செய்கிறேன்.

வஹீதா


எடமலைப்பட்டி புதூர்
30 டிசம்பர் 2024

டீச்சருக்கு,

பதினோரு வருஷமாக "நீ, வா, போ, சாப்பிட்டியா" என்றுதான் பேசியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் "நீங்கள்" போட்டிருக்கிறீர்கள். அந்த மரியாதையைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஊசி குத்தியபோதுகூட அழவில்லை.

ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை என்கிறீர்கள். உங்கள் தாளைப் படித்த மேஸ்திரி, "கொஞ்ச நாளைக்கு அந்தத் தெரு பக்கம் போவாத" என்று என்னை ஸ்ரீரங்கத்துக்கு மாற்றிவிட்டார். நாளைக்குக் கோயிலில் பகல் பத்து உற்சவம் தொடங்குகிறது. சித்திரை வீதியில் நிற்கிறேன். தொன்னையும் துளசியும் தண்ணீர் பாட்டிலும் கலந்து கலந்து வருகிறது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் மாத்திரை வேலையைக் காட்டிவிடும். ஜன்னல் ஓர இடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எதற்கு என்று சொல்ல வேண்டாமே.

உங்கள் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், நானும் பத்தாவது வரை படித்தவள்தான். பால் பாக்கெட் மூலையைத் துண்டாக வெட்டாதீர்கள், ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி வெட்டுங்கள், அந்தக் குட்டித் துண்டை யாராலும் பொறுக்க முடியாது என்று தெருவுக்கே சொன்னீர்கள். சொன்னது உண்மை. கேட்டது யார்? நாற்பத்தொரு வீட்டிலும் மூலையைத் துண்டாக்கித்தான் எறிகிறார்கள். சாக்கடை ஓரத்தில் அதைப் பொறுக்குகிறவளுக்குத் தெரியாதா? மூலை ஒட்டி நிற்கிற பாக்கெட் இந்தத் தெருவில் ஒரே வீட்டிலிருந்துதான் வருகிறது. என்னைக் குத்திய ஊசி அப்படி ஒரு பாக்கெட்டுக்குள்தான் இருந்தது. சும்மா கிடக்கவில்லை. பாக்கெட்டை நாலாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, அதற்குள் ஆறு ஊசி. ஐந்துக்கு மூடி இருந்தது. ஒன்றுக்குக் கழன்றிருக்கிறது. போகிறவன் வருகிறவன் இவ்வளவு பக்குவமாக மடித்துப் போடுவானா?

இதை நான் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. பாக்கெட்டைக் காட்டவும் இல்லை. பை எடுத்த வீட்டைக் கேட்டார், சொன்னேன், அவ்வளவுதான். அதற்கே நான் இந்தக் கரையிலும் இல்லாமல் அந்தக் கரையிலும் இல்லாமல் நிற்கிறேன்.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் வைக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது என்று டாக்டரம்மா நாலு தடவை சொல்லிவிட்டார். புத்திக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் தங்கையன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மனுஷன், மென்மையாகப் பேசத் தெரியாது. நேற்று என் டம்ளரை எடுத்து அதிலேயே தண்ணீர் குடித்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. தர்ஷினி ஒன்றும் கேட்பதில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உங்களுக்கு வர வேண்டாம் டீச்சர்.

ராசாத்தி


(அஞ்சலட்டை)

பீமநகர்
2 ஜனவரி 2025

ராசாத்தி,

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் எழுது. அந்தப் பாக்கெட்டின் ஓரம் எந்தப் பக்கம் செருகியிருந்தது? சட்டையைக் கடையில் மடித்துத் தருவார்களே, அந்த மாதிரியா?

வஹீதா


எடமலைப்பட்டி புதூர்
4 ஜனவரி 2025

டீச்சருக்கு,

நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கேள்வித்தாள் அனுப்புகிறீர்கள்.

எனக்கு வரைந்து காட்டத் தெரியாது. பாக்கெட்டையே இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். ஊசிகளை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டார்கள், அதனால் பயப்படாமல் பிரியுங்கள். மடிப்பைக் கலைக்காமல்தான் பத்திரமாக வைத்திருந்தேன். எதற்கு வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சரி.

தேதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

ராசாத்தி


பீமநகர்
6 ஜனவரி 2025

அன்புள்ள ராசாத்திக்கு,

கவர் இன்று பகலில் வந்தது. பிரித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் தாஜுதீன் ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் சலவைக் கடையில் வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியும். ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, கை இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. பனியன், துண்டு, செய்தித்தாள், கறிக்கடைப் பை, எதைக் கொடுத்தாலும் நாலாக மடித்து ஓரத்தை இடது பக்கமாக உள்ளே செருகிவிடுவார். நான் பாக்கெட்டை மடிப்பதே இல்லை. நீட்டி வைத்து அப்படியே பையில் போடுவேன். உன்னுடைய இரண்டாவது கடிதத்தில் மடிப்பைப் பற்றிப் படித்த நிமிஷமே எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அவரைக் கேட்க வாய் வரவில்லை. அஞ்சலட்டை போட்டுக் காலத்தைக் கடத்தினேன். நீ மாத்திரை தின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அந்த நாலு நாளும் என் கணக்கில்தான் சேரும்.

இன்று அவருடைய பனியன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் நீ அனுப்பிய பாக்கெட்டை வைத்தேன். "என்னங்க இது?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு, "கோவிச்சுக்காத வஹீதா. எட்டு மாசமா போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மாத்திரை போதவில்லை என்று டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். இவருடைய அண்ணன் ஜெகபர் அலிக்கு இன்சுலின் ஆரம்பித்த வருஷமே காலை எடுத்தார்கள். கவனிக்காமல் விட்ட புண்ணால் எடுத்தது, இன்சுலினால் அல்ல. ஆனால் இந்த மனிதர் மனதில் இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்று பதிந்துவிட்டது. என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று மறைத்தாராம். மருந்துக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி, மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் போய்ப் போட்டிருக்கிறார். இப்படி ஒரு ரகசியத்தை என் மூக்குக்குக் கீழே எட்டு மாதம் வைத்திருந்தார், நான் தெருவில் இருக்கிற கூடைகளையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு மாடியை எட்டிப் பார்க்கவில்லை.

"சரி, அத ஏன் பால் பாக்கெட் பையில போட்டீங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை உனக்கு எழுதாமல் இருக்க முடியாது. "நீதானே சொன்ன, பிளாஸ்டிக்கெல்லாம் மக்காத குப்ப, தனியாப் போடணும்னு. ஊசிக்கு மூடி பிளாஸ்டிக், அடி பிளாஸ்டிக். பச்சக் கூடையில போட்டா நீ எடுத்துப் பாத்துத் திட்டுவ. அதான் மடிச்சு இதுல வெச்சேன்." என் பாடத்தை ஒழுங்காகப் படித்த ஒரே மாணவர் அவர்தான், ராசாத்தி. இரண்டு கூடை என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டிலும் சேராத குப்பை ஒன்று உண்டு, குத்துகிற, கிழிக்கிற, நோய் தருகிற குப்பைக்குத் தனி வழி வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. என் வீட்டில்தான் அது இல்லையே என்று இருந்துவிட்டேன்.

தாளே கிழிகிற கோபத்தோடு எழுதினேன் அந்த முதல் கடிதத்தை. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நாளைக் காலை பெரியாஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவில் ஒரு விபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் பதினெட்டு நாளாக நீ இருந்த இடத்தில் இன்று ஒரு ராத்திரி நான் இருக்கப்போகிறேன். உன் நம்பருக்குப் போட்ட அடைப்பை எடுத்துவிட்டேன், ஆனால் முடிவு தெரியாமல் உன்னோடு பேசுகிற தைரியம் இல்லை.

அல்லாஹ் நல்லது செய்வான்.

வஹீதா


எடமலைப்பட்டி புதூர்
13 ஜனவரி 2025, போகி

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதிதான் வந்தது. பாய் அதற்கு முந்திக்கொண்டார். அவர் வந்த கதையை உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஏழாம் தேதி மதியம், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். நான் சித்திரை வீதியில் தொன்னைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் கூட்டத்துக்குள் ஒவ்வொரு பச்சைச் சட்டைக்காரியையும் நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். மூச்சு வாங்குகிறது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து ஓரம் உள்ளே செருகியிருந்தது. அதைப் பிரிக்கவே அவருக்குக் கை வரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் இல்லன்னு வந்துருக்கு. அப்ப ஒனக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே, பூக்கடைக்காரம்மா பார்க்க, குழந்தை மாதிரி அழுதார்.

அவரைப் பார்த்தால் திட்டுவதற்கென்று நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன் டீச்சர். நல்ல வார்த்தைகள், தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாத வார்த்தைகள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "அழாதீங்க பாய், மொதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் வாயில் வந்தது. தண்ணீர் குடித்தார். பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு, எங்கே போடுவது என்று இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பாவமாக இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனேன். படித்தார். சிரித்தார். "இன்னிலேர்ந்து மாத்திர வேணாம்" என்றார். பத்தொன்பது சாப்பிட்டிருந்தேன், ஒன்பது மிச்சம். மிச்ச மாத்திரையைக் குப்பையில் போடாமல் இங்கேயே கொடுத்துவிடு என்றும் சொன்னார். கொடுத்துவிட்டேன். வெளியே வந்து புளியோதரைப் பொட்டலம் ஒன்று வாங்கி, ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டே தின்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சோறு சோறாக இறங்கியது. அப்படி ஒரு ருசி.

இன்னும் நல்ல சேதி இருக்கிறது. சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தர்ஷினிக்குப் பெண் குழந்தை. ஏகாதசிக் குப்பையை அள்ளி முடித்த மறுநாள். நர்ஸம்மா பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "யாரு வாங்குறது?" என்றார். தங்கையன் என்னை முன்னால் தள்ளினார். நான் கையைப் பார்த்தேன். அந்தக் குத்தின இடம் எங்கே என்றே தெரியவில்லை, மறைந்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். இரண்டே முக்கால் கிலோ. பெரியம்மா கைக்கு அந்த எடை எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். யானைக்கும் அடி சறுக்கும், அது ஒரு பக்கம். ஆனால் ஒன்று மட்டும் மனதில் முள்ளாக நிற்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். நான் பொய் சொல்லிவிட்டேன் என்று பீமநகரில் நாற்பது வீடு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. டீச்சர் மேல் பழி போட்டதற்குத்தான் மாற்றினார்கள் என்று பேச்சு. இந்தத் தாளை நான் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாது, அது பாயின் மானம். அதை என்ன செய்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். நான் கேட்கவில்லை. சொல்லி மட்டும் வைக்கிறேன்.

இன்றைக்குப் போகி. எங்கள் தெருவில் காலையிலேயே டயரைக் கொளுத்தப் போனார்கள், பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு என்று சண்டை போட்டு அணைக்க வைத்தேன். உங்களிடம் கற்ற குரலில்தான் கத்தினேன்.

ராசாத்தி


பீமநகர்
20 ஜனவரி 2025

அன்புள்ள ராசாத்திக்கு,

பெரியம்மாவுக்கு வாழ்த்து. தர்ஷினிக்கு என் முத்தம் சொல். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் காலி பாட்டிலோடு முழித்த வரி வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதம் ஆகிறது.

உன் கடைசிப் பகுதியை நான் அவரிடம் வாசிக்காமல் நிறுத்தினேன். அவர் தாளை வாங்கித் தானே படித்தார். "ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூப்புடு, நானே சொல்றேன்" என்றார்.

நேற்று எங்கள் வாசலில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். குப்பை டீச்சர் கூப்பிட்டால் திட்டு நிச்சயம் என்று பலர் தங்கள் கூடையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நான் உன் பாக்கெட்டைக் காட்டினேன். "ராசாத்தி சொன்னதுதான் உண்மை. இது என் வீட்டிலிருந்துதான் போனது. அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அவளைத் தெருவை விட்டுப் போகவைத்ததும் நான் எழுதிக் கொடுத்த தாள்தான்" என்றேன். பிறகு இவர் எழுந்து, "நான் இன்சுலின் போடுறேன். மறச்சதால ஒரு பொண்ணு படாத பாடு பட்டுச்சு. வேற யாராவது மறைக்கிறீங்களா?" என்றார்.

பிறகு எதிர்வீட்டுச் சாரா பீவி கை தூக்கினார். அடுத்து அந்த வரிசையிலேயே இருவர். முடிவில் ஏழு வீடு. ஏழு வீட்டு ஊசியும் இத்தனை நாள் உன் வண்டியில் ஏறியிருக்கிறது. சாம்பார்ச் சாதத்துக்குள், தேங்காய் நாருக்குள், ஒருவர் முட்டை ஓட்டுக்குள். ஊசியை மறைக்கத் தெரிந்த அளவுக்கு அதை எடுக்கப்போகிற கையை யாரும் நினைக்கவில்லை, நானும்தான்.

இனிமேல் செய்வதாக முடிவானது இதுதான். ஊசி, பிளேடு எல்லாம் திருகு மூடி போட்ட கெட்டி டப்பாவில் போக வேண்டும், பையில் கூடாது. முக்கால் நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிச் சிவப்பு மையில் "ஊசி" என்று எழுத வேண்டும். தெருமுனைக் கிளினிக்கில் தங்கள் ஊசிகளோடு சேர்த்து வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. உன் வண்டியில் ஏறக் கூடாது. உடைந்த கண்ணாடி மட்டும் அட்டையில் சுற்றி, மேலே எழுதி, உன்னிடம் சொல்லிவிட்டுக் கையில் கொடுப்பார்கள். டப்பாக்களைத் தேடிக் கழுவி ஏழு வீட்டுக்கும் கொடுத்தது இவர். எதையும் மடிக்க முடியாத வேலை, கொஞ்சம் தவித்தார்.

இன்று காலை மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். என் பழைய தாள் தவறு, ராசாத்தியை எங்கள் தெருவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். "டீச்சர், போன மாசம் ஒண்ணு எழுதிக் குடுத்தீங்களே?" என்றார். "அதையும் நான்தான் எழுதுனேன், இதையும் நான்தான் எழுதுறேன். ரெண்டையும் சேத்து வெச்சுக்குங்க" என்றேன். மாதம் பிறந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

வருவாயா? வந்தால் ஒரு ஆசை. முன்பு போலவே என் பையைக் கையுறை இல்லாமல் எடுப்பாயா? நீ அப்படி எடுத்தால்தான் என்னை மன்னித்துவிட்டாய் என்று என் மனது நம்பும்.

வஹீதா


எடமலைப்பட்டி புதூர்
31 ஜனவரி 2025

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்றோடு ஆறு வாரம். பாயின் தாளே போதும், உனக்குப் பரிசோதனை வேண்டியதில்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னார். என் மனதுக்காக எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. தனித் தட்டையும் தனி டம்ளரையும் வீட்டுப் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். தங்கையன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கிவந்தார். அவர் பேசுகிற பாஷை அது.

மேஸ்திரி உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை உங்கள் தெருவில் விசில் கேட்கும். ஸ்ரீரங்கத்தில் பூக்கடைக்காரம்மா ஒரு முழம் கதம்பம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

உங்கள் ஆசைக்குப் பதில் சொல்கிறேன். மாட்டேன் டீச்சர். இனி நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கையுறைதான், உங்கள் பைக்கும்தான். கோபம் இருந்தால் கழற்றியே எடுத்திருப்பேன், உங்களை நன்றாகக் குத்திக் காட்டுவதற்கு. கோபம் போய்விட்டது, அதனால் போட்டுக்கொள்கிறேன். நம்புவது வேறு, கையைக் காப்பாற்றிக்கொள்வது வேறு என்று இப்போது தெரிகிறது. இந்தக் கைக்கு இனி வேறு வேலையும் இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெறும் கையோடுதான் பிள்ளையைத் தூக்குகிறேன். என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க நீங்கள் வர வேண்டும். அறிவியல் சொல்லிக்கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, அவசரமில்லை. பாயையும் அழைத்து வாருங்கள். இங்கே பிள்ளைத் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, மடிக்க ஆளில்லை. அவர் உட்கார்ந்து நாலு நாலாக மடித்துக் கொடுக்கட்டும்.

உள்ளே மட்டும் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
ராசாத்தி